பிரித்து வைத்தாலும் ஒரே ட்ரக்டரில்தானே போகிறது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளிப் பக்கம் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர். கைக்குழந்தை ஒன்று, சர்க்கரை வியாதியுள்ள மாமியார் ஒருவர். சமையல் குப்பை, பிளாஸ்டிக், போத்தல் என்று மூன்றாகப் பிரித்து வைக்கிறேன். வண்டி வந்தால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டு போகிறார்கள். பிறகு நான் ஏன் மினக்கெட வேண்டும்? மீன் கழிவை வண்டி வரும் நாள்வரை வைத்திருக்கவே முடியவில்லை. பம்பர்ஸ், இன்சுலின் ஊசி, பழுதாகிக் கிடக்கும் பெட்டி டீவி, இதுகளை என்ன செய்வது? பக்கத்து வளவில் எல்லாவற்றையும் கொளுத்துகிறார்கள், புகை எங்கள் வீட்டுக்குள்தான் வருகிறது. (ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, மூன்றாகப் பிரித்துவிட்டு மூன்றையும் ஒரே வண்டிக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் உழைப்பு அந்த இடத்தில்தான் வீணாகிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு வழி இருக்கிறது. வண்டிக்குப் போக வேண்டியது அதில் மிகச் சிறிய பங்குதான்.

குப்பையைக் கெடுப்பது ஈரம். சோற்றுக் கஞ்சியும் மீன் தண்ணீரும் பட்ட பேப்பர் அந்த நிமிடமே பெறுமதி இழந்துவிடும். எண்ணெயும் சம்பலும் ஒட்டிய ஷொப்பிங் பேக்கை வாங்குவதற்கு ஆள் இல்லை. நம்முடைய ஊர்க்காரருக்கு இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. கண்ணாடிப் போத்தலை உருக்கும் ஆலை களுத்துறை மாவட்டத்து ஹொரணையில் இருக்கிறது. இங்கிருந்து கொழும்புக்கே 250 கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரம் லொறிக் கூலி கொடுத்து ஏற்றுகிறவர் ஈரத்தையும் ஊத்தையையும் சேர்த்து ஏற்றுவாரா? இங்கே போத்தலுக்கு நல்ல விலை கேட்பதில்லையே என்று குறைப்படுகிறவர்கள் அந்தக் கூலியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குப்பை ட்ரக்டர் வரும்போது ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெட்டியின் ஓரத்தில் இரண்டு மூன்று சாக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். விற்கக்கூடியதை வேலை செய்யும் ஆட்கள் அதற்குள் போட்டுக்கொள்வார்கள். உங்கள் போத்தலும் கார்ட்போடும் காய்ந்தபடி, தனிச் சாக்கில் கட்டி, அவர்கள் கையிலேயே கொடுக்கப்பட்டால் பெட்டிக்குள் போகாது, தொங்கும் சாக்குக்குத்தான் போகும். வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டால் எது எதற்குள் போகிறதென்று யாருக்குத் தெரியும்? தெருவால் வரும் போத்தல் பேப்பர்காரரைப் பிடித்தால் இன்னும் நல்லது. அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் போதும். காய்ந்த குப்பை நாறாது, அவசரமும் இல்லை.

பிளாஸ்டிக்கின் அடியைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம் இருக்கும். 1 என்றால் தண்ணீர், சோடாப் போத்தல். 2 என்றால் ஷாம்பூ, சலவைத் திரவம் வரும் தடித்த போத்தல். 5 என்றால் ஐஸ்கிரீம் டப்பா வகை. வாங்க ஆள் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும்தான். பிஸ்கட் உறை, பால்மா பைக்கற் போன்றவை பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்குகள். அவற்றைப் பிரித்தெடுப்பது லாபமில்லை என்பதால் வாங்கமாட்டார்கள். கழுவுவதற்குப் புதுத் தண்ணீர் பிடிக்காதீர்கள், கோப்பை கழுவிய கடைசித் தண்ணீரில் ஒரு அலசு போதும். மூடியைக் கழற்றி எறிய வேண்டாம். போத்தலை நசுக்கி, மூடியை இறுக்கிப் போடுங்கள். ஆலையில் அரைத்துத் தண்ணீரில் போடும்போது 1ஆம் இலக்கம் தாழும், மூடித் துண்டு மிதக்கும். அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

சாக்கைக் கூரைக்குக் கீழே வையுங்கள். மாரி தொடங்கினால் வெளியில் கிடக்கும் யோகட் கப், சிரட்டை, டின் எல்லாம் நுளம்புத் தொட்டிதான். முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும், அதனால் கிழமைக்கு ஒருமுறை வளவைச் சுற்றி வந்தால் அந்த வட்டம் அறும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறந்திருக்க முடியாது. அந்த வருடம் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட.

இனி சமையல் குப்பை. வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் இதுதான், நாற்றமும் இதில்தான். வளவு இருந்தால் இதை வெளியே அனுப்பவே தேவையில்லை. அடியில்லாத ஒரு பெரல், பக்கங்களில் துளை. நிலத்தில் நிறுத்தி, கீழே அரை அடிக்குத் தேங்காய் மட்டை பரப்புங்கள். ஒரு பங்கு சமையல் கழிவு போட்டால் இரண்டு பங்கு முற்றம் கூட்டிய சருகு மேலே விழ வேண்டும். பலருக்குத் தோற்றுப்போவது இந்தச் சருகில்தான். கழிவை மட்டும் கொட்டுவார்கள், புழு வந்துவிட்டது என்று பத்தாம் நாள் பெரலைக் கவிழ்ப்பார்கள்.

ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போதாது, உதிர்ந்தால் தண்ணீர் போதாது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நமது மணல் தரையில் பெரல் காய்ந்து, உள்ளே ஒன்றும் உக்காமல் அப்படியே கிடக்கும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுங்கள். மாரியில் எதிர்ப்பிரச்சினை, மூடி கட்டாயம். கூழ்முட்டை நாற்றம் வந்தால் காற்று போகவில்லை என்று பொருள், தடியால் கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அடியிலிருந்து கறுப்பாக, மண் மணத்தோடு அள்ளலாம். தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைச் சக்கை, முட்டைக் கோது எல்லாம் போடலாம். சமைத்த இறைச்சியும் எண்ணெய்க் கறியும் வேண்டாம், எலி வரும்.

மீன் கழிவுக்கு முதல் வழி, வாங்கும் இடத்திலேயே வெட்டித் துப்பரவாக்கித் தரச் சொல்வது. வீட்டில் வெட்டினால் குடலையும் செவுளையும் பேப்பரில் சுற்றி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மூடி, ஃபிரிஜ்ஜின் உறைபெட்டியில் வையுங்கள். முகம் சுழிக்காதீர்கள், மீனையும் அங்கேதானே வைக்கிறோம். வண்டி வரும் நாள் காலையில் கட்டியாக எடுத்துக் கொடுத்தால் மணமும் இல்லை, ஒழுக்கும் இல்லை. தென்னை நின்றால் அதைவிட நல்ல வழி உண்டு. அடிமரத்திலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்கு வெட்டிப் புதைத்து, மண்ணை மிதித்து, மேலே ஒரு கல் வையுங்கள். கல் இல்லாவிட்டால் இரவு நாய் தோண்டிவிடும். ஆனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும்.

கழிவை ஷொப்பிங் பேக்கில் முடிந்து வாசலில் வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கோட்டையடியிலிருந்து நகருக்குள் இறங்கும் புள்ளிமான்களை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளுக்குக் காட்டிப் படம் பிடிக்கிறோம், அதே மான் உப்பு மணத்துக்கு நம் பையை மென்று விழுங்குகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் பொலித்தீன் தங்கினால் கரையவும் கரையாது, வெளியேறவும் வழியில்லை. வயிறு நிறைந்த உணர்வோடு பட்டினியில் சாகும். மாட்டுக்கும் இதே கதிதான்.

பம்பர்ஸுக்கு மீள்சுழற்சி வழி கிடையாது. அதிலுள்ளதை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, சுருட்டிப் பேப்பரில் சுற்றி, வண்டிக்கு. புதைக்க வேண்டாம், எரிக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் கூழ்த்தூள் தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும் என்பதால் மலசலகூடத்துக்குள் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இன்சுலின் ஊசியைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். ட்ரக்டரில் வெறுங்கையால் கிளறுபவரைக் குத்தும். சலவைத் திரவம் வந்த தடித்த போத்தல் ஒன்றை மாமிக்குப் பக்கத்தில் வையுங்கள், குத்தியதும் அதற்குள். முக்கால்வாசி நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, தமிழிலும் சிங்களத்திலும் ‘ஊசி’ என்று எழுதி, அவர் கிளினிக்குக்குப் போகும் நாளில் தாதியிடம் கேட்டு ஒப்படைக்கலாம். ஏற்க முடியாது என்றால் எங்கே கொடுப்பதென்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) கேளுங்கள்.

பக்கத்து வளவுப் புகைக்கு வருவோம். குப்பையை, பிளாஸ்டிக் உட்பட, திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி அறிவித்தலோடு தடைசெய்யப்பட்டது. லஞ்ச் ஷீட்டும் ரெஜிபோர்ம் சாப்பாட்டுப் பெட்டியும் தடையானது அதே நேரத்தில்தான். பி.வி.சி. குழாய்த் துண்டோ வயர் உறையோ அந்த நெருப்பில் விழுந்தால் டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வளவு நெருப்பின் குறைந்த வெப்பம் அதை அழிக்காது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது சும்மா விடும் காரியமல்ல. ஆனாலும் எடுத்த எடுப்பில் முறைப்பாட்டுக்குப் போகாதீர்கள், வேலிச் சண்டை தலைமுறைக்கும் நிற்கும். பிள்ளைக்கு இருமல் என்று சொல்லிப் பாருங்கள், சருகை உங்கள் பெரலுக்குக் கேளுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் கொளுத்துவது சருகைத்தான், பொலித்தீன் அதோடு சேர்ந்து போகிறது. அதற்கும் மசியாவிட்டால் பி.எச்.ஐ., அதன்பின் பிரதேச செயலகத்திலுள்ள சுற்றாடல் உத்தியோகத்தர்.

டீவியைப் பற்றியும் அந்தச் சுற்றாடல் உத்தியோகத்தரிடமே கேளுங்கள். இலத்திரனியல் கழிவு சேர்ப்பதற்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கைக்குத்தான் அது போக வேண்டும். பழைய இரும்புக்காரர் ஆசையாக வாங்குவார். அவருக்கு வேண்டியது பின்னாலுள்ள செப்புக் கம்பிச் சுருள் மட்டும். அதைக் கழற்றிக்கொண்டு, ஈயம் கலந்த கண்ணாடிக் குழாயை எங்காவது வெறுவளவில் உடைத்துப் போட்டுவிடுவார். அனுமதிப்பத்திரம் உள்ளவர் கைக்குப் போகும்வரை டீவி வீட்டிலேயே இருக்கட்டும், மழை படாத மூலையில், பிள்ளையின் கை படாதபடி திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.