திரையில்லாத மெட்டல் டிடெக்டர்: கேள்வியும் பதிலும்

பூங்காக்களிலும் பழைய வீட்டுத் தோட்டங்களிலும் நாணயம், மோதிரம் தேடும் அமெரிக்கத் தமிழ் நண்பர்கள் சிலர், குமிழைத் திருகி இயக்கும் எளிய மெட்டல் டிடெக்டர்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் விரும்பிப் பயன்படுத்துவது டெசோரோ நிறுவனத்தின் காம்பாட்ரே என்ற கருவி. அதனால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

அண்ணா, எண் காட்டும் திரையுடன் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. இன்னும் குமிழ் வைத்ததையே ஏன் பரிந்துரைக்கிறீர்கள்?

தேடுகிறவரின் கண் தரையிலும் காது கருவியிலும் இருக்க வேண்டும். திரை இருந்தால் கண் தானாக அங்கே போய்விடும். கை வீச்சு தளரும், காயில் (coil, கருவியின் அடியில் தரைமேல் வீசும் வட்டத் தட்டு) தரையைவிட்டு மேலே எழும். காம்பாட்ரேயில் இருப்பது ஒரே ஒரு குமிழ். கருவியை இயக்குவது, அணைப்பது, வேண்டாத உலோகத்தை ஒதுக்குவது எல்லாம் அதில்தான். எடை ஒரு கிலோ அளவே. ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி. காரிலிருந்து இறங்கியதும் தேடத் தொடங்கிவிடலாம். குளிர்காலத்தில் கையுறையைக் கழற்றாமலே குமிழைத் திருப்பலாம். உச்சி வெயிலில் திரை தெரியவில்லையே என்று குனிந்து பார்க்க வேண்டியதும் இல்லை.

இவையெல்லாம் வசதிகள். எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று: அடுத்த பதிலைப் பாருங்கள்.

அந்த ஒற்றைக் குமிழை வைத்து, மண்ணுக்குள் இருப்பது நாணயமா குப்பையா என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

காயில் அனுப்பும் காந்தப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதிலிருந்து திரும்பி வரும் சைகை சற்றுப் பிந்தி வருகிறது. எவ்வளவு பிந்துகிறது என்பது உலோகத்தின் கடத்துதிறன், பருமன், வடிவம் ஆகியவற்றைப் பொறுத்தது. வேண்டாத உலோகத்தை ஒதுக்கும் அந்தக் குமிழ் (டிஸ்கிரிமினேஷன் குமிழ்) இந்த அளவில் ஒரு கோடு போடுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பவை ஒலிக்காது. குமிழை ஏற்ற ஏற்ற முதலில் இரும்பு ஆணி மௌனமாகும், பிறகு அலுமினியத் தாள், பிறகு 5 சென்ட் நாணயம், அதன்பின் சோடா டின்னைத் திறக்கும் வளையம்.

நான் செய்வது இதுதான். குமிழை இரும்புக்குச் சற்று மேலே வைத்துத் தேடுவேன். நல்ல ஒலி கிடைத்ததும் நின்று, காயிலை அந்த இடத்தின் மேல் குறுகலாக வீசிக்கொண்டே கட்டைவிரலால் குமிழை மெல்ல ஏற்றுவேன். ஒலி முதலில் ஓரத்தில் கிழியும், பிறகு ஒரு வீச்சில் கேட்டு மறு வீச்சில் கேட்காமல் போகும், பிறகு அடங்கும். அடங்கும் இடம்தான் தகவல். அலுமினியத் தாளைத் தாண்டியவுடன் அடங்கினால் 5 சென்ட் நாணயமாக இருக்கலாம். கடைசி வரை ஏற்றியும் அசையாமல் ஒலித்தால் செம்போ வெள்ளியோ இருக்க வாய்ப்பு அதிகம். 1964 வரை வந்த 10 சென்ட் நாணயத்தில் 90 சதவீதம் வெள்ளி. இப்படிச் சில வாரங்கள் பழகிவிட்டால், விரல் நிற்கும் இடத்தை வைத்தே தோண்டுவதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடுவீர்கள். இந்தப் பழக்கத்தைத் திரையில் வரும் எண் தருவதில்லை.

டின் வளையங்களைத் தோண்டியே அலுத்துவிட்டது. அவற்றை மொத்தமாக ஒதுக்கிவிடலாமா?

செய்யாதீர்கள், தம்பி. தங்க மோதிரங்களில் பெரும்பாலானவை அலுமினியத் தாளுக்கும் டின் வளையத்துக்கும் இடைப்பட்ட அதே பகுதியில்தான் விழுகின்றன. வளையத்தை ஒதுக்கினால் மோதிரமும் சேர்ந்து போகும். திரையுள்ள கருவிக்கும் இதே கதிதான்.

சென்சிட்டிவிட்டியை முழுதாக வைத்தால் ஆழம் கூடுமா?

சென்சிட்டிவிட்டி என்பது எவ்வளவு மெல்லிய சைகைக்குக் கருவி ஒலிக்க வேண்டும் என்ற அமைப்பு. மின்கம்பிக்கு அருகிலோ ஈர மண்ணிலோ அதை முழுதாக வைத்தால் கருவி ஓயாமல் சடசடக்கும். அந்த இரைச்சலில் ஆழத்து நாணயத்தின் மெல்லிய ஒலி காதில் விழாது. சடசடப்பு நிற்கும் வரை குறையுங்கள். காம்பாட்ரேயில் இந்தக் குமிழே கிடையாது, ஆலையிலேயே அமைத்துவிட்டார்கள்.

நாங்கள் ஜார்ஜியாவில் இருக்கிறோம். செம்மண்ணில் கருவி சரியாக வேலை செய்யவில்லை.

அங்குள்ள மண்ணில் இரும்புத் தாது அதிகம். காம்பாட்ரே போல மண்ணுக்கான அமைப்பை நிலையாக வைத்த கருவிகள் அங்கே ஆழத்தை இழக்கும். மண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் குமிழ் தனியாக உள்ள கருவி வாங்குங்கள். டெசோரோவிலேயே வக்கேரோ அப்படிப்பட்டது. உலோகம் இல்லாத இடத்தில் காயிலைத் தரையை நோக்கி இறக்கி ஏற்றுங்கள். இறக்கும்போதோ ஏற்றும்போதோ ஒலி மாறினால் குமிழைச் சிறிது திருப்புங்கள். இரண்டிலும் ஒரே சீராக இருக்கும்போது விட்டுவிடலாம்.

கடற்கரைக்கு எடுத்துப் போகலாமா?

காய்ந்த மணலில் தாராளமாக. உப்பு நீரில் நனைந்த மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அலைவரிசைக் கருவி அங்கே திணறும். அந்த இடத்தில் பல அலைவரிசைக் கருவியோ, காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் இண்டக்ஷன் கருவியோதான் சரி. இதில் குமிழ்ப் பாசம் காட்டிப் பயனில்லை.

டெசோரோ நிறுவனம் மூடிவிட்டதாமே? பழையதை வாங்கலாமா?

ஆம். 1980இல் ஜாக் கிஃபோர்டு தொடங்கிய அந்த அரிசோனா நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் உத்தரவாதம் தந்த நிறுவனம் அது. அதன் கருவிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நேரில் பார்த்து வாங்குங்கள். கருவியை இயக்கிவிட்டுக் காயிலின் கம்பியை, குறிப்பாகக் காயிலுக்குள் நுழையும் இடத்தில், மெல்ல வளைத்துப் பாருங்கள். பொய் ஒலி வந்தால் உள்ளே கம்பி இற்றிருக்கிறது. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம், மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். பேட்டரி அறையில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய கருவி என்று தயங்க வேண்டியதில்லை. 2009 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் டெர்ரி ஹெர்பர்ட் ஆங்கிலோ-சாக்ஸன் தங்கப் புதையலைக் கண்டபோது அவர் கையில் இருந்தது 14 ஆண்டு பழைய கருவி. நில உரிமையாளரின் அனுமதியுடன், அண்மையில் உழுத வயலில் தேடியிருந்தார். கருவியின் விலையைவிட நிலமும் அனுமதியும் முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

என் பத்து வயது மகளுக்கு எதை வாங்கலாம் ஐயா?

புதியதாக வேண்டுமென்றால் பவுண்டி ஹண்டர் டிராக்கர் IV. இரண்டு குமிழ், ஒரு சுவிட்ச், அளவு காட்டும் ஒரு முள். இரும்புக்குத் தனி ஒலி கொடுக்கும் என்பதால் குழந்தைகள் விரைவில் பிடித்துக்கொள்வார்கள். முதலில் வீட்டுத் தோட்டத்தில் நீங்களே நாணயமும் ஆணியும் புதைத்து, எது எது என்று ஒலியைக் கேட்டு மட்டுமே அவளைச் சொல்லச் சொல்லுங்கள். தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அங்கே இதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

விடுமுறைக்கு மதுரை போகிறேன். எங்கள் ஊரில் தேடலாமா?

இந்தியப் புதையல் சட்டம் 1878இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருள் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. கோயில், கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் எதன் அருகிலும் போகவே வேண்டாம். சொந்தத் தோட்டத்தில் தொலைந்த கம்மலைத் தேட வேண்டுமென்றால் எடுத்துப் போங்கள். விமானத்தில் ஏறுமுன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.