படிக்கட்டு ஜன்னலில் பலகைக்குப் பதில் கண்ணாடி: எதைப் போடுவது?

கேள்வி: எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் திறக்க முடியாத ஜன்னல் ஒன்று உள்ளது. அதன் கீழ்ப்பாதியை பிளைவுட் பலகை அடைத்திருப்பதால் படிக்கட்டு இருட்டாகவே இருக்கிறது. பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட விரும்புகிறோம். ஜன்னலின் மரச்சட்டத்தையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர், 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி போதும் என்கிறார் இன்னொருவர். குழந்தைகள் ஓடியாடும் இடம். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம்.

முதலில் சட்டம். ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையைக் கீழ்க்கட்டையிலும் மூலைகளிலும் அழுத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது. மாற்றச் சொல்வது வெறும் வியாபாரம். பலகையைப் பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டையான பீடிங்கைக் கழற்றி, கண்ணாடி உட்காரும் பள்ளமான காடியைப் பாருங்கள். கண்ணாடி விளிம்பு நான்கு பக்கமும் ஏறத்தாழ 10 மி.மீ. உள்ளே உட்கார வேண்டும். இடம் போதாவிட்டால் தச்சர் அகலமான பீடிங் வைத்துச் சரிசெய்துவிடுவார்.

இரண்டாவது யோசனை ஆபத்தானது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகப் பிளக்கும். தரையை ஒட்டிய ஜன்னல், கதவோரம், குளியலறை, படிக்கட்டு ஆகிய இடங்களில் பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும். கட்டட விதிகள் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. ஆனால் வீட்டில் ஒரு பலகையைக் கழற்றிக் கண்ணாடி மாட்டும்போது வந்து பார்க்க எந்த அதிகாரியும் இல்லை. விபத்து நடந்த பிறகுதான் அந்தப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள்.

இங்கேதான் இடைத்தரகர் நுழைகிறார். பாதுகாப்புக் கண்ணாடியில் ஒரு வகையான டஃபன்டு கண்ணாடிக்குப் பணம் வாங்கிக்கொண்டு சாதாரணக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். டஃபன்டு கண்ணாடியை உலையில் சூடேற்றிச் சட்டென்று குளிர்விப்பார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ 4 மடங்கு வலிமை கிடைக்கும், உடைந்தால் மழுங்கிய சிறு துணுக்குகளாக உதிரும். அப்படிச் செய்த பிறகு அதை வெட்டவே முடியாது. ஆகவே உங்கள் வீட்டில் வைத்து ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிப் பொருத்தினார் என்றால் அது டஃபன்டு இல்லை. மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; ஸ்டிக்கர் கணக்கில் வராது. பில்லில் ‘கண்ணாடி’ என்று மட்டும் எழுதினால் வாங்காதீர்கள். வகையும் தடிமனும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘பிலிம் ஒட்டித் தருகிறேன், அதுவும் பாதுகாப்புதான்’ என்று வெயில் மறைக்கும் பிலிமைக் காட்டுவோரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் ஜன்னலுக்கு டஃபன்டு மட்டும் போதாது. உங்களுடையது மாடிக்குப் போகும் வழி. கண்ணாடிக்கு அப்பால் வெற்றிடம். டஃபன்டு உடைந்தால் முழுத் தகடும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும், பிறகு சட்டத்துக்குள் எதுவும் இருக்காது. ஓடி வந்து மோதிய குழந்தையைத் துண்டுகள் கிழிக்காது என்பது உண்மைதான். ஆனால் தடுக்கவும் எதுவும் இருக்காது. ஆகவே லேமினேட்டட் கேளுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் பிடித்துக்கொண்டு சட்டத்திலேயே நிற்கும். 3 மி.மீ. தகடுகள் இரண்டும் 0.38 மி.மீ. படலமும் சேர்ந்த 6.38 மி.மீ. கண்ணாடி பரவலாகக் கிடைக்கிறது. தரைத்தளமாக இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை, டஃபன்டு போதும். மாடியில் அது போதாது. விலை கூடுதல் என்று யாராவது தயங்க வைத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜன்னலில் கம்பி இருந்தால் அதையும் எடுக்க வேண்டாம்.

அளவை நீங்களே எடுங்கள். காடிக்குள் அகலத்தை மூன்று இடங்களிலும் உயரத்தை மூன்று இடங்களிலும் அளந்து, சிறியதை எடுத்துக்கொண்டு, அதிலும் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. குறைத்துச் சொல்லுங்கள். இறுக்கமாகத் திணித்த கண்ணாடி, மரம் ஈரத்தில் உப்பும்போது விரிசல் விடும். ஒரு சதுர மீட்டர் 15 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால், அடியில் இரண்டு ரப்பர் துண்டுகள் வைத்து அதன்மேல் நிறுத்தி, பீடிங்கை ஆணிக்குப் பதில் ஸ்குரூ வைத்து முடுக்கச் சொல்லுங்கள்.

ஓரம் அடைக்கும் சிலிக்கானில் வினிகர் வாடை அடித்தால் தடுத்துவிடுங்கள். அதிலுள்ள அமிலம் லேமினேட்டட் கண்ணாடியின் படலத்தை ஓரத்திலிருந்து கெடுக்கும். ‘நியூட்ரல்’ என்று அச்சிட்ட குழாயை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பூசிய பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் கண்ணாடியில் கை வைக்க வேண்டாம்.