பாலத்தைக் கடக்க 8 சுற்றுகள்

கேள்வி: நெப்போலியன் காலச் சிறுமோதல் விளையாட்டை நண்பரும் நானும் சில மாதங்களாக மேசையில் ஆடி வருகிறோம். என்னிடம் பச்சைச் சீருடை அணிந்த பிரிட்டிஷ் ரைஃபிள் வீரர்கள் 16 பேர். அவரிடம் பிரெஞ்சு வீரர்கள் 40 பேர். எல்லாம் 28 மி.மீ. பொம்மைகள். ஒவ்வொரு முறையும் நடுமேசையில் எதிரெதிரே நின்று, ஒரு தரப்பு தீரும்வரை பகடை உருட்டுகிறோம். சலித்துவிட்டது. இன்னும் பொம்மைகள் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 56 பொம்மைகள் தாராளம். உங்கள் வீரர்களுக்கு அங்கே ஒரு வேலை இல்லை, அதுதான் குறை. கொல்வதைத் தவிர வேறு நோக்கமில்லாத படை நடுமேசைக்குத்தான் போய்ச் சேரும்.

உண்மையில் நடந்த மோதல் ஒன்றை ஆடிப் பாருங்கள். 1810 மார்ச் 19 இரவு, ஸ்பெயினின் மேற்கு எல்லையில் பார்பா தெல் புவெர்கோ என்ற சிற்றூர். இன்று அதன் பெயர் புவெர்த்தோ செகூரோ. கீழே ஆழமான பள்ளத்தாக்கில் அகேதா ஆறு, அதன்மேல் ஒரு பாலம். பிரெஞ்சுத் தளபதி ஃபெரே அனுப்பிய சுமார் 600 பேர் பாலத்தில் நின்ற காவலர்களை மடக்கிவிட்டுச் செங்குத்தான பாதையில் ஏறினார்கள். மேலே பிரிட்டிஷ் 95-ஆம் ரைஃபிள் படையின் ஒரு கம்பெனி, அதாவது ஒரு சிறு பிரிவு, மட்டுமே காவலில் இருந்தது. கர்னல் பெக்வித் மற்றக் கம்பெனிகளோடு வந்து சேரும்வரை அது தாக்குப்பிடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் வந்த வழியே இறங்க வேண்டியதாயிற்று.

இதை மேசைக்குக் கொண்டுவருவோம். பாலத்தில் 2 ரைஃபிள் வீரர்கள், மேட்டின் உச்சியில் 6 பேர். மீதி 8 பேர் மேசைக்கு வெளியே. நான்காம் சுற்று முதல், சுற்றுக்கு ஒருமுறை பகடை உருட்டுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் அவர்கள் வருவார்கள். எட்டாம் சுற்று முடியும்போது பிரெஞ்சு வீரர்கள் பத்துப் பேராவது உச்சியில் நின்றால் வெற்றி அவர்களுக்கு. எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

இருட்டு என்பதால் 12 அங்குலத்துக்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் சுட்ட குழுவைத் துப்பாக்கியின் தீப்பொறி காட்டிக்கொடுத்துவிடும்; அந்தச் சுற்று முழுக்க அதை 24 அங்குலத்திலிருந்தும் குறிவைக்கலாம். சுட்ட இடத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கை வையுங்கள். சுடலாமா, மூச்சடக்கி நிற்கலாமா என்று உங்கள் நண்பர் மேசையைப் பார்த்தபடி யோசிக்கும் அந்தக் கணம்தான் எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகப் பிடித்தது.

உங்கள் பிரிட்டிஷ் வீரர்கள் ஏந்திய பேக்கர் ரைஃபிளின் பெருமை பகலில் நீண்ட தூரம் குறிதவறாமல் சுடுவது. குண்டை இறுக்கித் திணிக்க வேண்டியிருந்ததால், மற்றப் படைகளின் சாதாரணத் துப்பாக்கியான மஸ்கெட்டைவிட நிரப்ப நேரம் அதிகம் பிடித்தது. இரவில் அந்தத் தூரம் பயன்படாது, தாமதம் மட்டும் மிஞ்சும். எனவே ரைஃபிள் குழு ஒருமுறை சுட்டால் அடுத்த முறை நிரப்பட்டும். அன்றைய வீரர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் நிரப்பும்போது மற்றவர் சுடத் தயாராக நிற்பார்கள். நீங்களும் உச்சியில் இருக்கும் 6 பேரை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மாறிமாறி ஆடும் முறையை விட்டுவிடுங்கள். ஒவ்வோர் அதிகாரியின் பெயரையும் சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள். கூடவே 'சுற்று முடிந்தது' என்று ஒரு சீட்டு. பெயர் வந்த அதிகாரி, தன்னிலிருந்து 6 அங்குலத்துக்குள் உள்ளவர்களை மட்டுமே ஏவலாம். முடிவுச் சீட்டு முந்திக்கொண்டால் மற்றவர்களுக்கு அந்தச் சுற்று போயிற்று.

முதல் ஆட்டத்தில் பிரெஞ்சுத் தரப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறிப் பாருங்கள்.