அழற்சி கண்ட மனிதத் திசுவில் ஒட்டு மூலக்கூறுகளின் மரபணு வெளிப்பாட்டைக் கண்டறிய கியூபிசிஆர் மட்டும் போதுமா?

போதாது என்றே சொல்வேன். ஒட்டு மூலக்கூறுகள் என்பவை வெள்ளணுக்கள் இரத்தக் குழாய்ச்சுவரில் பற்றிக்கொள்ள உதவும் புரதங்கள்; கியூபிசிஆர் என்பது ஒரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு உள்ளது என்று அளக்கும் முறை. பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகளின் பயாப்சித் துண்டுகளோடு ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்பதால், அந்தத் திசுவை வைத்தே விளக்குகிறேன்.

துண்டை அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து அளந்தால், அதிலுள்ள எல்லாச் செல்களுக்கும் சேர்த்து ஒரே எண்தான் கிடைக்கும். ஐகேம்-1 என்ற ஒட்டு மூலக்கூறு இரத்தக் குழாயின் உட்சுவரான எண்டோதீலியத்தில் மட்டுமன்றி மேக்ரோஃபேஜ், பி செல் ஆகிய வெள்ளணுக்களிலும் அழற்சியுற்ற எபிதீலியத்திலும் (குடலின் உட்படலம்) வெளிப்படுவதால், குழாய்ச்சுவர் தூண்டப்பட்டதால் எண் உயர்ந்ததா, வெள்ளணுக்கள் வந்து குவிந்ததால் உயர்ந்ததா என்று அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. மற்றோர் ஒட்டு மூலக்கூறான இ-செலக்டின் பெரும்பாலும் தூண்டப்பட்ட எண்டோதீலியத்துக்கே உரியது என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த எண்டோதீலியச் செல்களுக்கு டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சி தூண்டும் புரதத்தைக் கொடுத்தால் இ-செலக்டினின் தூது ஆர்.என்.ஏ. சில மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, 24 மணி நேரத்துக்குள் பெருமளவு தணிந்துவிடும். விகேம்-1 என்ற இன்னோர் ஒட்டு மூலக்கூறின் தூது ஆர்.என்.ஏ. அதைவிட நெடுநேரம் நீடிக்கும். எனவே இ-செலக்டின் குறைவாக இருப்பதை மட்டும் பார்த்து அழற்சி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கியூபிசிஆர் செய்யும்போது ஜிஏபிடிஹெச் ஒன்றையே ஒப்பீட்டு மரபணுவாக (அளவு மாறாதது என்று கருதி மற்றவற்றை ஒப்பிடும் மரபணு) நம்ப வேண்டாம். அழற்சியில் அதுவே ஏறி இறங்கக்கூடும். எண்டோதீலியத்துக்கே உரிய விஇ-கேட்ஹெரின் மரபணுவோடும் விகிதம் பார்த்தால், துண்டுக்குத் துண்டு குழாய்களின் அளவு மாறுவது ஓரளவு ஈடாகும்.

எந்தச் செல் என்ற கேள்விக்கு திசு வெட்டிலேயே தூது ஆர்.என்.ஏ. இருக்கும் இடத்தைக் காட்டும் இன்-சிட்டு ஹைபிரிடைசேஷன்தான் நேரடியாகப் பதில் தருகிறது. அதில் ஒரு வகையான ஆர்.என்.ஏ.ஸ்கோப் முறையில் மெல்லிய வெட்டில், நுண்சிரையைச் சுற்றியுள்ள தட்டையான உட்கருக்களை ஒட்டிச் தூது ஆர்.என்.ஏ.வைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிவதும், பக்கத்துச் சுரப்பிகள் வெறுமையாக இருப்பதும் எந்த வரைபடமும் தராத தெளிவைத் தருகின்றன. பாக்டீரிய மரபணுவான டாப்-பி-க்கான ஆய்வியை (குறிப்பிட்ட ஆர்.என்.ஏ.வோடு மட்டும் இணையும் துண்டு) அடுத்த வெட்டில் இட்டு அங்கே புள்ளிகள் இல்லை என்பதையும், எல்லாச் செல்களிலும் வெளிப்படும் பிபிஐபி மரபணுவின் ஆய்வியை இட்டு ஆர்.என்.ஏ. சிதையாமல் இருப்பதையும் உறுதிசெய்யாத படத்தை நான் ஏற்பதில்லை. நோயாளியிடம் மறுபடி கேட்டு வாங்க முடியாத துண்டு அது. ஆகவே எடுத்த உடனே ஒரு பகுதியை ஆர்.என்.ஏ.வைக் காக்கும் ஆர்.என்.ஏ.லேட்டர் கரைசலிலும் மற்றொரு பகுதியை வெட்டுகளுக்காக ஃபார்மலினிலும் போட்டுவிடுங்கள்.

பி-செலக்டின் என்ற ஒட்டு மூலக்கூறுக்கு மட்டும் இவ்வளவும் போதாது. எண்டோதீலியச் செல்லுக்குள் வீபல்-பலேட் துகள்களில் அந்தப் புரதம் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கிறது. தூண்டல் வந்தால், புதிய தூது ஆர்.என்.ஏ. உருவாகும் முன்பே, சில நிமிடங்களில் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஆகவே பி-செலக்டினுக்கு, அடுத்த வெட்டில் புரதத்தையே காட்டும் எதிர்ப்பொருள் சாயமேற்றல் செய்தே ஆக வேண்டும்.