போன வருடம்தானே புளூ ஊசி போட்டது, திரும்பவும் எதற்கு?

யாழ்ப்பாணம் கோப்பாயிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா 1957 இல் பிறந்தவர், நீரிழிவு இருக்கிறது. போன வருடம் காசு கொடுத்துப் புளூ ஊசி போட்டும் மார்கழியில் மூன்று நாள் காய்ச்சல். இந்த முறை கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் வருகிறது, டொக்டர் திரும்பவும் போடச் சொல்கிறார். ஒருமுறை போட்டது காணாதா, வருடாவருடம் போட்டால் உடம்பு பழுதாகாதா?

முதலில் அந்த மூன்று நாள் காய்ச்சல். அது புளூதான் என்று சளி எடுத்துப் பார்த்தவர்களா? மாரி தொடங்கினால் எங்களுக்கு டெங்கு இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது, 2024 மார்கழியில் எலிக்காய்ச்சலால் இங்கே ஆட்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள், அதற்கு மேல் தடிமன் தருகிற வைரசுகள் எத்தனையோ. புளூ ஊசிக்கு இவை எதுவும் தெரியாது. புளூவாகவே இருந்தாலும், ஊசி நன்றாகப் பொருந்துகிற வருடங்களிலேயே டொக்டரிடம் போகிற அளவு நோயை அது 40 முதல் 60 வீதம் வரைதான் குறைக்கிறது. கேட்கக் குறைவுதான். ஆனால் நீரிழிவுக்காரரின் விஷயத்தில் நான் பார்ப்பது காய்ச்சல் வந்ததா என்பதை அல்ல, அது நியுமோனியாவாகி வார்ட் வரை போனதா என்பதை.

அப்புறம், ஏன் வருடாவருடம்? வைரசின் மேலே முள்ளு முள்ளாக நிற்கிற புரதத்தின் தலையைத்தான் எங்கள் எதிர்ப்பொருட்கள் பிடிக்கின்றன, அந்தத் தலை கொஞ்சம் கொஞ்சமாக முகம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. போதாததற்கு ஊசி தந்த எதிர்ப்பும் சில மாதங்களில் தேய்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருடத்தில் இரண்டு தரம், வட அரைக்கோளத்துக்கு ஒன்று, தென் அரைக்கோளத்துக்கு ஒன்று எனக் கூடி, எந்த வகைகளை ஊசியில் போடுவது என்று பார்க்கிறது.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த வைரசு ஆய்வாளர் தாமஸ் பிரான்சிஸ் வெவ்வேறு வயதினரின் இரத்தத்தைச் சோதித்தபோது, ஒவ்வொரு தலைமுறையும் சின்ன வயதில் கண்ட வைரசுக்கு எதிராகத்தான் அதிக எதிர்ப்பொருள் வைத்திருந்தது. 1960 இல் அதற்கு அவர் வைத்த பெயர், வேதப் புத்தகப் பாஷையில், ஆதிப் பாவம். சின்ன வயதில் அண்ணன்காரனோடு பழகியவர் தம்பியைத் தெருவில் கண்டாலும் அண்ணன் பெயரைச் சொல்லியே கூப்பிடுவாரே, அதே கதை. உங்கள் அம்மா பிறந்த 1957 இலிருந்து 1968 வரை மனிதரிடையே சுற்றிய ஏ வகைப் புளூ வைரசு எச்2என்2 மட்டும்தான், ஆகவே அவரது உடம்பின் முதல் அறிமுகம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இப்போது வருகிற எச்1என்1 அதற்குக் கிட்டின சொந்தம், எச்3என்2 தூரத்துச் சொந்தம். வயதானவர்களை வாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

இதில் ஊசியின் பக்கத்துப் பிழையும் உண்டு. பெரும்பாலான புளூ ஊசிகளுக்கு வைரசை வளர்ப்பது கோழி முட்டையில். முட்டைக்குப் பழகும்போது வைரசு தன் தலையில் சின்ன மாற்றம் செய்துகொள்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்கொட் ஹென்ஸ்லியின் ஆய்வுக் குழு 2017 இல் காட்டியது இதைத்தான்: எச்3என்2 தலையில் ஒட்டியிருந்த ஒரு சர்க்கரைத் துணுக்கு முட்டையில் வளர்த்த வைரசில் இல்லை, ஆகவே உடம்பு படித்தது ஒரு முகம், வெளியே சுற்றியது வேறு முகம்.

வருடாவருடம் போட்டால் பழுதாகுமா? சில எச்3என்2 வருடங்களில், முந்திய வருடமும் போட்டவர்களுக்குப் பலன் சற்றுக் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் போடாமலே இருந்தவர்களோடு ஒப்பிட்டால் பொதுவாக இவர்கள்தான் மேல். என் அம்மாவாக இருந்தால் போடுவேன்.

சரி, போடும்போது பெட்டியை வாங்கிப் பாருங்கள். தென் அரைக்கோளத்து ஊசியில் ஒற்றை வருடம் இருக்கும், வட அரைக்கோளத்து ஊசியில் இரண்டு வருடம் சேர்த்து, 2025/2026 என்பது போல. இலங்கையில் புளூ மாரியிலும் கூடும், சித்திரைக்குப் பிறகும் கூடும், ஆகவே எது புதிதாக வந்ததோ, காலாவதியாகாததோ அதைக் கேளுங்கள். அண்ணா பலாலி விமான நிலையத்தில் இறங்குகிற அன்று போட்டுப் பயனில்லை, உடம்பு தயாராக இரண்டு கிழமை வேண்டும். பார்மசியில் வாங்கி டொக்டரிடம் கொண்டுபோவதானால் ஐஸ் கட்டியில் ஊசி நேரே முட்டக்கூடாது, இடையில் ஒரு துணி வையுங்கள். இருக்கவேண்டியது 2 முதல் 8 பாகைக்குள், உறைந்துவிட்டால் எறியத்தான் வேண்டும். கை நோவும் ஒரு நாள் உடம்பு உளைவும் வரலாம். அதில் இருப்பது செத்த வைரசு, புளூவைத் தராது.

மார்கழியில் திரும்பவும் காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும், அதையும் அளவோடு. புரூபன் வகை வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியக்கூடும். முதல் நாளிலிருந்தே சீனி அளவைப் பாருங்கள், இரண்டாம் நாளும் விடாவிட்டால் ஊசி போட்ட திகதியையும் சொல்லி இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள், மூச்சு வாங்கினால் அதுவரையும் காத்திருக்க வேண்டாம்.