லிங்கனும் டார்வினும் உண்மையிலேயே ஒரே நாளில் பிறந்தவர்களா? பிறந்தநாள் பட்டியல்களை எவ்வளவு நம்பலாம்?

ஆம், ஆண்டு உட்பட ஒரே நாள்தான்: 1809 பிப்ரவரி 12. லிங்கன் பிறந்தது கென்டக்கியில், டார்வின் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில். ஆண்டும் சேர்ந்து பொருந்துவது அபூர்வம். வெறும் தேதிப் பொருத்தம் அப்படியல்ல. 23 பேர் கூடினாலே யாராவது இருவர் ஒத்துப்போகும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல்.

பட்டியல்கள் பெரும்பாலும் சறுக்குவது நாட்காட்டியில். இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் 1752 வரை ஜூலியன் என்ற பழைய நாட்காட்டி முறையில் இருந்தன. வாஷிங்டன் பிறந்தபோது அங்கே 1731 பிப்ரவரி 11; புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியதால் ஆண்டும் மாறி, இன்றைய கணக்கில் 1732 பிப்ரவரி 22 ஆகிறது. நியூட்டனின் 1642 டிசம்பர் 25, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் முறையில் 1643 ஜனவரி 4. ரஷ்யர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் அவசியம், அங்கே மாற்றம் 1918இல்தான் வந்தது. டால்ஸ்டாயின் 1828 ஆகஸ்ட் 28உடன் 12 நாள் கூட்டினால் செப்டம்பர் 9.

ஆகவே இருவரின் தேதியையும் ஒரே நாட்காட்டிக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். ஜூலியன் தேதியுடன் கூட்ட வேண்டியது 17ஆம் நூற்றாண்டுக்கு 10 நாள், 18க்கு 11, 19க்கு 12. நூற்றாண்டு மாறும் ஆண்டின் (1700, 1800) பிப்ரவரி இறுதி வரை பழைய எண்ணிக்கையே.

சிலருக்குப் பிறந்த தேதியே உறுதியில்லை. இசையமைப்பாளர் ஷோப்பானுக்கோ ஞானஸ்நானப் பதிவு 1810 பிப்ரவரி 22 என்கிறது, குடும்பத்தார் கொண்டாடியது மார்ச் 1. இப்படிப்பட்டவர்களைப் பட்டியலில் சேர்த்தால் இரண்டு தேதியையும் குறிப்பிட்டுவிடுங்கள்.