மூணாவது படிக்கிற பையன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான், என்ன புரிஞ்சுதுன்னு கேட்டா முழிக்கிறான். தாளம் போட்டு வாசிக்க வச்சா சரியாகுமா?

நல்லாவே உதவும்ங்க, ஆனா கூடவே நிதானமும் பழக்கணும். நான் காவேரிப்பட்டினம் பக்கம் இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலரா இருந்தேன், கொரோனாவுக்கு அப்புறம் 2021ல ஆரம்பிச்சாங்களே அதுதான், சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணைலதான் வகுப்பு. அதுல ஒரு பையன் "மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் மழையைப் பார்த்து ஓடினான்"னு ஒவ்வொரு எழுத்தா இழுத்து இழுத்து வாசிச்சு முடிச்சான். யாருடா ஓடுனதுன்னு கேட்டா, மாடுங்கறான்! மக்குப் பையன் இல்லைங்க அவன், கடைசி வார்த்தைக்கு வர்றதுக்குள்ள முதல் வார்த்தை மறந்துபோகுது. 1974லயே லாபெர்ஜ், சாமுவேல்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இதைத்தான் எழுதுனாங்க, கவனம் மொத்தமும் எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கவே செலவாயிட்டா அர்த்தத்துக்கு மிச்சம் இருக்காது.

தாளத்துல நான் முதல்ல ஒரு தப்பு பண்ணேன், எழுத்துக்கு ஒரு தட்டு தட்டச் சொன்னேன், பசங்க வாய்ப்பாடு மாதிரி ராகம் போட ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம்தான் மூச்சு விடுற இடத்துல மட்டும் தொடையில ஒரு தட்டுன்னு மாத்தினேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன், தட்டு, மழையைப் பார்த்து, தட்டு, ஓடினான். முதல்ல நான் பேசுற மாதிரி வாசிப்பேன், அப்புறம் சேர்ந்து, அப்புறம் அவன் தனியா, அதே பத்தியை மூணு நாலு தடவை.

வாசிக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் தட்டு விளையாட்டு. எவர்சில்வர் தட்டைத் தட்டுனா நடக்கணும், நிறுத்துனா அப்படியே நிக்கணும், அடுத்து வேகமா தட்டுனா மெதுவா நடக்கணும். கால் தன்னால ஓடப் பாக்கும், அதைப் பிடிச்சு நிறுத்துறாங்க பாருங்க, வாசிக்கிறப்பவும் அதேதான் வேணும், முற்றுப்புள்ளில நிக்கணும், பொருந்தலைன்னா திரும்பிப் போகணும். அதனால தப்பா வாசிச்சா உடனே திருத்தாதீங்க, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அந்தப் பையன் ஒருநாள் "கூடை நிறைய பலம்"னு வாசிச்சான், நான் வாயே திறக்கல, புருவத்தைச் சுருக்கி விரலைப் பின்னாடி கொண்டுபோயி "பழம்"னான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

ஓசூர், தளி பக்கம் வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுறவங்களா இருந்தா, தினமும் ஒரு தமிழ்க் கதையைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, அந்த ஏத்த இறக்கம் முதல்ல காதுல விழணும். சில மாசம் விடாம பண்ணியும் எழுத்தே குழம்புதுன்னா கண்ணு, காது ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டிட்டு, உங்க ஒன்றியத்துல இருக்குற கல்வித்துறையோட வட்டார வள மையத்துக்குப் போய்ப் பாருங்க, கத்துக்கச் சிரமப்படுற பிள்ளைங்களுக்குன்னே சிறப்பாசிரியர் அங்க இருப்பாங்க.